பழனிக்கு பஸ் ஓட்டிய விஞ்ஞானி!

சித்திரை மாத வெயிலில் திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போயிருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் காய்ந்து கிடக்கும் காடு. நடுவில் கருப்பு ரோடு. தூரத்தில் ரோட்டின் மேல் தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் கானல் பளபளக்கும். கிட்டே போனால் ஒன்றும் இருக்காது!

அந்த மாதிரி நாளில் ரோட்டோரப் புளியமர நிழலில் ஒரு கார் கட்டாயம் நிற்கும். முன்பக்க பானெட்டைத் தூக்கி வைத்திருப்பார்கள். உள்ளே இருந்து குபுகுபுவென்று வெள்ளையாகப் புகை வரும். பக்கத்தில் ஓர் அப்பா கையில் தண்ணீர் பாட்டிலோடு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருப்பார்.

அது புகை இல்லை, குட்டீஸ். நீராவி! காருக்குள் ஓடும் தண்ணீர் கொதித்துவிட்டது.

உங்கள் வயதில் நானும் அப்படி ஒரு மரத்தடியில் நின்றிருக்கிறேன். குடும்பத்தோடு வாடகைக் காரில் பழனிக்குப் போனோம். வழியில் வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கியதும் நான் முன்னால் ஓடிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திருகப் பார்த்தேன். டிரைவர் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. அவர் ஏன் அப்படி இழுத்தார்? பிறகு சொல்கிறேன்.

இதே பழனிக்கு, 100 வருடங்களுக்கு முன்னால், இதே வெயிலில் தன் சொந்த பஸ்ஸைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார் ஓர் இளைஞர். வந்த திசைதான் வேறு. அவர் பொள்ளாச்சியில் இருந்து வருவார். பெரிய படிப்பு கிடையாது. பையில் பணமும் கிடையாது. பின்னாளில் அவரை 'இந்தியாவின் எடிசன்' என்று மக்கள் அழைத்தார்கள். அவர்தான் ஜி.டி.நாயுடு!

முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி, கோவைக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா விவசாயி. அம்மா சிறு வயதிலேயே இறந்துவிட்டார்.

துரைசாமிக்குப் பள்ளிக்கூடம் என்றாலே வேப்பங்காய். ஆசிரியர் அடித்தார் என்று அவர் கண்ணில் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடியதாக அவர் வாழ்க்கைக் கதையில் சொல்வார்கள். (நீங்கள் இதை முயற்சி செய்யாதீர்கள்!) பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றது. அப்பாவின் தோட்டத்தில் வேலை செய்தார். ஆனால், படிப்பதை அவர் விடவில்லை. கையில் கிடைத்த புத்தகத்தை எல்லாம் தானாகவே படித்தார்.

அப்போதுதான் ஒரு நாள் அந்த வண்டியைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. ஆனால் தானாக ஓடுகிறது! லங்காஷயர் என்ற வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரியின் மோட்டார் சைக்கிள் அது. நம் ஊர்ப் பக்கத்தில் அப்போது மோட்டார் சைக்கிள் என்பது அதிசயம். அன்றிலிருந்து துரைசாமிக்குத் தூக்கம் போய்விட்டது. எப்படியாவது அந்த வண்டியை வாங்கிவிட வேண்டும்!

கிளம்பி கோவைக்குப் போனார். ஓர் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, எச்சில் மேஜை துடைத்துக் காசு சேர்த்தார். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, வருடக்கணக்கில்! சேர்ந்த பணத்தைக் கொண்டுபோய் லங்காஷயரிடம் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார்.

வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? ஊரைச் சுற்றவில்லை. வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் போட்டார். ஒவ்வொரு திருகாணியையும் எடுத்துப் பார்த்தார். பிறகு திரும்பவும் மாட்டினார். இப்படித்தான் அவர் இயந்திரம் படித்தார். அவருடைய பள்ளிக்கூடமும் அதுதான், வாத்தியாரும் அதுதான்.

உங்கள் வீட்டில் பைக் இருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள். பல பைக்குகளில் என்ஜினைச் சுற்றி வரிவரியாக, மெல்லிய தகடுகள் அடுக்கியது போல் இருக்கும். அது அழகுக்காக வைத்தது இல்லை. வண்டி ஓடும்போது காற்று அந்தத் தகடுகளுக்கு இடையே புகுந்து என்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். பைக்கின் சிறிய என்ஜினுக்கு அந்தக் காற்று பெரும்பாலும் போதும். ஆனால் 20 பேரை ஏற்றும் பஸ்ஸின் பெரிய என்ஜினுக்கு? அதற்குத்தான் தண்ணீர் வேண்டும். அதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம். ஏனென்றால் துரைசாமிக்குப் பஸ் வருவதற்கு முன்னால் ஒரு பெரிய அடி விழுந்தது.

முதல் உலகப்போர் காலத்தில் அவர் திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை வைத்தார். நல்ல லாபம். ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்ந்தது என்பார்கள். அந்தக் காலத்து ஒன்றரை லட்சம்! அதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்கு, அதாவது இன்றைய மும்பைக்கு, பருத்தி வியாபாரம் செய்யப் போனார். அங்கே விலை ஏறும் இறங்கும் என்று ஊகித்து ஆடும் வியாபாரத்தில் மொத்தமும் போய்விட்டது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

இயந்திரத்தைக் கழற்றினால் எங்கே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். சந்தை விலையைக் கழற்றிப் பார்க்க முடியாதே! துரைசாமி திரும்பவும் இயந்திரத்தின் பக்கமே வந்தார்.

கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். பள்ளிக்கூடம், ஆலை, மோட்டார் தொழில் என்று பலவற்றையும் நடத்தியவர். அவர் இந்த இளைஞரின் திறமையைப் பார்த்து பஸ் வாங்க உதவினார். 1920-ஆம் ஆண்டு, ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட ஆரம்பித்தது. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே.

அந்தப் பாதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு, குளிர்ந்த காற்று. உடுமலைப்பேட்டை தாண்டியதும் காற்று காய ஆரம்பிக்கும். மடத்துக்குளத்தில் அமராவதி ஆறு. பழனியை நெருங்கினால் சண்முக நதி. மொத்தம் சுமார் 65 கிலோமீட்டர். பழனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் மாவட்டம் பிறந்ததே 1985-இல்தான். இன்றைய தார்ச்சாலை அன்று இல்லை. கல்லும் மண்ணும் மாட்டுவண்டித் தடமும்தான். பஸ் மெதுவாகத்தான் ஊரும். மெதுவாக ஊர்ந்தால் முன்னால் இருந்து வீசும் காற்று குறையும். காற்று குறைந்தால் என்ஜின் சூடாகும்!

வழியில் நின்றுவிட்டால் மெக்கானிக் கிடையாது. போன் செய்ய போனும் கிடையாது. பஸ்ஸில் இருப்பவர்கள் பழனி முருகனைப் பார்க்கப் புறப்பட்ட பக்தர்கள், சந்தைக்குப் போகும் வியாபாரிகள். ஒருநாள் நின்றால் பரவாயில்லை என்பார்கள். இரண்டு நாள் நின்றால் மறுபடியும் மாட்டுவண்டியில் ஏறிவிடுவார்கள். ஏற்கெனவே எல்லாப் பணத்தையும் இழந்த மனிதருக்குக் கையில் இருந்தது அந்த ஒரு பஸ்தான். அதை நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய பிழைப்பு.

சரி, பஸ் ஏன் சூடாகிறது?

என்ஜினுக்குள் பெட்ரோல் எரியும்போது உள்ளே சூடு சுமார் 2,000 டிகிரி செல்சியஸைத் தொடும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். இரும்பும் 1,500 டிகிரியில் உருகும். அப்படியென்றால் என்ஜின் ஏன் மெழுகு போல் உருகி ஓடவில்லை? சூட்டை உடனுக்குடன் வெளியே எடுத்துக்கொண்டே இருப்பதால்தான்! என்ஜின் சுவருக்குள் சின்னச் சின்ன வாய்க்கால்கள் இருக்கின்றன. அதில் தண்ணீர் ஓடும். நம் ஊர்த் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் பாய்வதுபோல. சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் வண்டியின் முகத்தில் இருக்கும் ரேடியேட்டருக்கு வரும். அங்கே மெல்லிய குழாய்கள், குழாய்களுக்கு நடுவே இன்னும் மெல்லிய தகடுகள். காற்று அதற்குள் புகுந்து சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். குளிர்ந்த தண்ணீர் மறுபடியும் என்ஜினுக்குள் போகும்.

அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் தண்ணீரைத் தள்ள பம்ப் கூடக் கிடையாது! சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும். குளிர்ந்த தண்ணீர் கனமாகிக் கீழே இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்திலேயே தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும். நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் ஒரு நிபந்தனை. தண்ணீர் மேல் குழாய் வரை நிறைந்திருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் சுற்று நின்றுவிடும். அப்புறம் என்ன, கொதிப்புதான்! அதனால் அன்றைய டிரைவர்களுக்குப் பெட்ரோல் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் ஒரு தகர டப்பா தண்ணீர். கிணறு எங்கே, ஊருணி எங்கே என்று வழி நெடுக அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும்.

இது நம் ஊர் கதை மட்டும் இல்லை. 1888-இல் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் என்ற அம்மா, கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல், அவர் கண்டுபிடித்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு தன் தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கூட இரண்டு மகன்கள், கிட்டத்தட்ட உங்கள் வயதுப் பையன்கள்! 100 கிலோமீட்டருக்கும் மேல் பயணம். அந்த வண்டியில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வழியில் கிடைத்த தண்ணீரை எல்லாம் ஊற்றி ஊற்றித்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதன்பின் வில்ஹெல்ம் மேபாக் என்பவர் தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டரை அமைத்தார். 1901-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் காரில் இருந்த அந்த ரேடியேட்டரில் எத்தனை குட்டிக் குழாய்கள் தெரியுமா? 8,070!

இப்போது உங்கள் வீட்டுக் காருக்கு வருவோம். கார் இல்லையா? மாமா கார், பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரின் வேன் எதுவாக இருந்தாலும் சரி. பெரியவர்கள் அனுமதியோடு, அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள்.

காலையில் பாருங்கள். வண்டி ராத்திரி முழுக்க நின்று ஆறியிருக்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் உள்ளே வெளுத்த நிறத்தில், பால் கேன் பிளாஸ்டிக் போல ஒரு சின்னத் தொட்டி தெரியும். அதன்மேல் இரண்டு கோடுகள் இருக்கும். கீழ்க்கோடு குறைந்தபட்சம், மேல்கோடு அதிகபட்சம். உள்ளே பச்சையாகவோ சிவப்பாகவோ நீலமாகவோ திரவம் தெரியும். அதுதான் கூலன்ட். அது இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. வாரம் ஒருமுறை பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். வண்டி நின்ற இடத்தில் குனிந்து பாருங்கள். தரையில் கலர் சொட்டு இருக்கிறதா? கருப்பு ரப்பர் ஹோஸ் எங்காவது வெடித்திருக்கிறதா? அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பின் ஓரத்தில் காய்ந்த கறை இருக்கிறதா? இதற்கெல்லாம் பெரியவர்களின் கண்ணைவிட உங்கள் கண்தான் கூர்மை. அவர்களுக்குக் குனிந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும்!

ஏன் கூலன்ட்? பச்சைத் தண்ணீர் போதாதா?

உங்கள் வீட்டில் போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகச் சொரசொரவென்று படிந்திருக்கும். தண்ணீரில் கரைந்திருந்த உப்புகள்தான் அப்படிப் படிகின்றன. திண்டுக்கல் சமவெளியில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் அதே வெள்ளைப் படிவு அந்த மெல்லிய குழாய்களுக்குள் படியும். குழாய் அடைத்துக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்கும். அதனால்தான் கூலன்டையும், உப்பு நீக்கிய தண்ணீரையும் கலந்து ஊற்றுகிறார்கள். பேட்டரிக்கு ஊற்றுவார்களே, டிஸ்டில்டு வாட்டர், அதேதான். சில கூலன்டுகள் கலந்தே வரும். அதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. சிலவற்றைப் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூலன்டில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து இருக்கிறது. தண்ணீரைவிட அது தாமதமாகக் கொதிக்கும். குளிரில் சீக்கிரம் உறையவும் செய்யாது. திண்டுக்கல்லில் தண்ணீர் எங்கே உறையப்போகிறது என்று சிரிக்காதீர்கள். மார்கழி, தை மாதங்களில் மேலே கொடைக்கானலில் விடிகாலைப் புல்லில் உறைபனி படியும்! நிறம் ஒன்றாக இருந்தால் கூலன்டும் ஒன்று என்று நினைத்து வேறு வேறு கம்பெனி திரவங்களைக் கலக்கக் கூடாது. காரோடு கொடுத்த புத்தகத்தில் எந்த வகை, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று இருக்கும். தொட்டியில் இருப்பது காவி நிறமாகக் கலங்கியிருந்தால் உள்ளே துரு கிளம்பிவிட்டது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியதுதான்.

ரேடியேட்டரின் முகத்தில் பூச்சி, பஞ்சு, தூசி எல்லாம் அப்பியிருக்கும். ஆறிய வண்டியில், தோட்டத்துக்கு ஊற்றும் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவலாம். வேகமாக அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் வளைந்துவிடும். ஃபேன் பக்கம் மட்டும் விரலை நீட்டாதீர்கள். என்ஜினை நிறுத்திய பிறகும் சில கார்களில் அது திடீரென்று தானாகச் சுற்ற ஆரம்பிக்கும்.

இப்போது என் தோள்பட்டைக்கு வருவோம்!

வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா மூடியைத் திறப்பாரா? மாட்டார். உள்ளே அழுத்தம் இருக்கிறது. இப்போதைய ரேடியேட்டரும் ஒரு குக்கர்தான். அதன் மூடி இறுக்கிப் பிடித்திருப்பதால் உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியில் அழுத்தம் போய்விடும். உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் கொதித்து, ஆவியும் வெந்நீருமாக முகத்தில் பீய்ச்சி அடிக்கும். முகம் வெந்துவிடும். கண்ணே போய்விடலாம். நான் திருகப் பார்த்தது அந்த மூடியைத்தான். டிரைவர் அண்ணனின் கை ஒரு விநாடி தாமதித்திருந்தால் இதை உங்களுக்கு எழுத எனக்குக் கண் இருந்திருக்குமா என்று தெரியாது.

அதனால் சூடான வண்டியின் மூடியைக் குழந்தைகள் தொடவே கூடாது. மீட்டரில் முள் சிவப்புப் பக்கம் ஏறினால் அப்பாவிடம் உடனே சொல்லுங்கள். ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, என்ஜினையும் அணைத்துவிட வேண்டும். பிறகு வேலை ஒன்றுதான்: சும்மா உட்கார்ந்திருப்பது! அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம். நன்றாக ஆறிய பிறகு பெரியவர்கள்தான் தடித்த துணியைப் போட்டு மெதுவாக மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் என்ஜின் விரிசல் விடும். சூடான கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றியது போலத்தான்.

இன்னொன்று. பெரும்பாலான கூலன்ட் விஷம்! அதுவும் இனிப்பாக இருக்கும் விஷம். தரையில் சிந்தியதைத் தெருநாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். மீதியைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. தம்பி தங்கை ஜூஸ் என்று நினைத்துக் குடித்துவிட்டால்? அப்படி ஒரு பாட்டிலை உங்கள் வீட்டில் பார்த்தால் இன்றைக்கே சொல்லி எடுக்க வையுங்கள். பழைய கூலன்டைச் சாக்கடையிலோ கிணற்று ஓரத்திலோ கொட்டாமல் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.

நாயுடுவை வழியில் விட்டுவிட்டேன் பாருங்கள்!

பொள்ளாச்சி – பழனி பஸ் நின்றுபோகவில்லை. ஒன்று இரண்டானது, இரண்டு பலவானது. யு.எம்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் பிறந்தது. சில ஆண்டுகளிலேயே நாட்டில் மிகத் திறமையாக நடந்த பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. பஸ் ஓட்டுகிறவருக்குப் பஸ்ஸைப் பிரித்து மாட்டவும் தெரிந்தால் இதுதான் வசதி. எங்கே தேய்கிறது, எங்கே சூடாகிறது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1937-இல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டாரைக் கோவையில் கொண்டுவந்தார். இன்று கோவை மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் போன ஊர். திண்டுக்கல் தோட்டங்களில் ஓடும் பம்புசெட்டைத் திருப்பிப் பாருங்கள், கோவைப் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம்! 'ரேசன்ட்' என்ற பெயரில் சவரம் செய்யும் மின் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவு செய்யும் இயந்திரம் என்று கண்டுபிடித்துக்கொண்டே போனார். 70 ரூபாய்க்கு ரேடியோ தயாரித்தார். கேமரா என்றால் அவருக்கு உயிர். 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். பருத்தி, பப்பாளிச் செடிகளிலும் ஆராய்ச்சி செய்தார்.

1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடிய பையன் கல்லூரிக்கே காரணமானார்! ஆனால் அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. நான்கு வருடப் பாடத்தை இரண்டு வருடத்தில் முடிக்கலாம் என்றார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. விலகிவிட்டார். அவருக்குப் பொறுமை கொஞ்சம் குறைவுதான் என்று எனக்குத் தோன்றும். எல்லோரும் மோட்டார் சைக்கிளைக் கழற்றியே எல்லாவற்றையும் கற்றுவிட முடியுமா, என்ன?

ஆனால் ஒரு விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான்! சாதாரண குடும்பத்துக்கும் கார் என்ற கனவு. அதைத் தயாரித்து விற்க அரசு உரிமம் தரவில்லை. கார் அத்தோடு நின்றுவிட்டது. ரேடியேட்டர் கொதித்து நிற்கும் கார்களைப் பார்த்திருக்கிறோம். காகிதத்தால் நின்ற கார் இது.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி ஜி.டி.நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80. கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் கண்காட்சி இருக்கிறது. 2025-இல் அதே சாலையில் திறக்கப்பட்ட நீளமான மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். அங்கேயே அவர் குடும்பத்தினர் 2015-இல் தொடங்கிய கார் அருங்காட்சியகமும் உண்டு. பெரிய பெரிய பழைய கார்கள் வரிசையாக நிற்கும்.

விடுமுறைக்குக் கோவை போனால் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போங்கள். கார்களின் கலரைப் பார்த்து முடித்ததும் முன்னால் போய் நின்று ஒவ்வொன்றின் மூக்கையும் பாருங்கள். அந்தக் காலக் கார்களில் ரேடியேட்டர் மூடி பானெட்டுக்குள் ஒளிந்திருக்காது. வெளியே, மூக்கின் உச்சியில், கிரீடம் போல இருக்கும். சில கார்களில் அந்த மூடியிலேயே ஒரு வெப்பமானியை வைத்திருப்பார்கள். தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று டிரைவர் தன் சீட்டில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம். எந்தெந்தக் காரில் அது இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், குட்டீஸ்!